உச்சபட்ச தண்டனை, டபுள் ஸ்பேஸ்

அடுத்தவங்க அழறதை டபுள் ஸ்பேஸ்ல, இடது பக்கம் மார்ஜின் விட்டு அடிச்சுக் குடுக்கறதுதான் என் தொழில். போர்ட் பிளேர் கோர்ட்டுக்குப் பக்கத்துல ஒரு நீலத் தகரக் கொட்டாய் இருக்கும், பாத்திருப்பீங்க. (ஊர் பேரை மாத்திட்டாங்க, தெரியும். என் வாய்க்கு அது இன்னும் பழகலை, மன்னிச்சுக்கோங்க.) டெலானிபூர்ல இருக்கற வீட்டுலேர்ந்து நாப்பது வருஷமா அங்கதான் போறேன், வர்றேன். மொதல்ல டைப்ரைட்டர். உப்புக்காத்துல அதோட 'e' துருப்பிடிச்சுப் போய் எழும்பவே எழும்பாது. அந்தக் காலத்துல நான் அடிச்ச மனுவெல்லாம் பல்லு போன கிழவி பேசுற மாதிரி இருக்கும். இப்ப கம்ப்யூட்டர், பிரிண்டர், ஜெராக்ஸ் எல்லாம் ஒரே மேஜையில. பல்லு போனது எனக்குத்தான்.

கவுன்டர்ல ரெண்டு மணி நேரம் நின்னு, "இந்த ஃபார்ம் இல்லம்மா, வேற ஃபார்ம்"னு திருப்பி அனுப்பப்பட்டவங்க எல்லாரும் வந்து நிக்கிறது என் முன்னாடிதான். உங்க கால்வலி எனக்குத் தெரியும், என் இடுப்புவலியை நீங்க நம்புவீங்க. அதனால உங்ககிட்ட சொல்லலாம். இது ஒரு பையனோட உயிர் சமாச்சாரம். அதை நான் ரெண்டு தடவை அடிச்சேன்.

அண்ணாச்சி சொன்ன வார்த்தை

பத்துபஸ்தியில ஒரு மளிகைக் கடை. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வயசானவங்க. ரெண்டு வாரம் கப்பல் வராட்டியும் அவங்ககிட்ட மட்டும் சின்ன வெங்காயம் இருக்கும். எங்கேர்ந்து எடுப்பாங்களோ. ஒரு நாள் மத்தியானம், கடையைப் பாதி சாத்திட்டு சாப்பிட உக்காந்த நேரத்துல, ரெண்டு பேரையும் வெட்டிப் போட்டாச்சு. செஞ்சவன் சாயங்காலமே மாட்டிக்கிட்டான். அதே கடையில மூட்டை தூக்குன செல்வம். இருபத்தி நாலு வயசு. அவன் அம்மா பேச்சியம்மா மின்னி பேங்கற கடலோரத்துலேர்ந்து வந்து அதே தெருவுல வீடு வீடா மீன் விக்கிறவ.

மறுநாளே தங்கராஜ் அண்ணாச்சி வந்துட்டார். அவர் கான்ட்ராக்டர், அந்த ஏரியா சங்கத்துக்கு செக்ரட்டரி. தண்ணி வரலையா, கப்பல் டிக்கெட் கிடைக்கலையா, தெருவிளக்கு எரியலையா, மனு கொண்டு வர்றது அவர்தான். முதல்ல வெள்ளைத்தாள்ல கையெழுத்து வாங்கிடுவார், அப்புறம்தான் என்கிட்ட வந்து மேட்டரை அடிக்கச் சொல்லுவார். நம்ம ஜனங்களும் அவர் கையில பேப்பரைப் பாத்தா தண்ணிக்குன்னு நெனச்சுப் போட்டுடுவாங்க. கையெழுத்து ஒண்ணும் புரியாது, அதனால ஒவ்வொரு பேரையும் நம்பர் போட்டு வரிசையா டைப் அடிச்சுச் சேக்கறது என் வழக்கம்.

அன்னிக்கு முதல் கையெழுத்து கமலா. செத்தவங்களோட ஒரே பொண்ணு, ஸ்கூல் டீச்சர். அப்புறம் தெரு முழுக்க. கடைசியில என் பேரையும் நானே போட்டுக்கிட்டேன். யாரும் போடச் சொல்லலை. அந்த வெங்காயத்தை நெனச்சா எனக்கு அவ்வளவு ஆத்திரம். கீபோர்டுல 'தூக்குல போடணும்'னு அடிக்கப் போனேன். அண்ணாச்சி கையைப் பிடிக்காத குறையா தடுத்தார்: "தூக்குன்னு நேரா போடாதீங்கம்மா, படிக்கிற ஆபீசர் பயந்துடுவார். 'உச்சபட்ச தண்டனை'ன்னு போடுங்க, அவருக்கே புரியும்."

பாபுவுக்கு டீ

அப்ப எங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்தார். ஹார்பர்ல கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். கிரேன்ல அவ்வளவு உசரம் ஏறுவார், ஹேவ்லாக் தீவுக்குப் போற போட்டுல ஏத்துனா அரை மணியில வாந்தி. அது வேற கதை. அவங்க குடும்பம் லோக்கல் பார்ன், அதாவது வெள்ளைக்காரன் கைதிங்களைக் கொண்டு வந்து இறக்குன காலத்துலேர்ந்து இங்கயே இருக்கறவங்க. எங்கப்பா ராமநாதபுரத்துக்காரர், கவர்ன்மென்ட் வேலைக்குன்னு வந்தவர். கைதி வம்சத்துல பொண்ணைக் குடுக்கறதான்னு மூணு மாசம் பேசாம இருந்தார். அதுவும் வேற கதை.

சாயங்காலம் அவர் என்னைக் கூட்டிட்டுப் போக வருவார். எதிர்ல வக்கீல் குமாஸ்தா பிஸ்வாஸ் பாபு வருவார். பெங்காலி, வாய் ஓயாது. அன்னிக்கு செல்வம் கேஸ் பேச்சு. "ஒரே ஒரு ஃபான்சி, தாதா! ஒருத்தனைத் தூக்குல போடு, பத்து வருஷத்துக்கு இந்தத் தீவுல எவனும் கத்தியைத் தொடமாட்டான்"னு பாபு மேஜையைத் தட்டுறார். (ஃபான்சின்னா தூக்கு, தாதான்னா அண்ணன்.) நான் தலையாட்டுறேன். எங்க வீட்டுக்காரர் டீயை ஆத்திக்கிட்டே, "எங்க கொள்ளுத்தாத்தா வயல் வரப்புத் தகராறுல பங்காளியை வெட்டினாரு. அப்ப ஊருக்கு வெளிய வெள்ளைக்காரன் தூக்குமரம் நட்டு வச்சிருந்தான். தெனம் அதைத் தாண்டித்தான் வயலுக்குப் போவாராம். பயந்தாரா?"ன்னு கேட்டார்.

பாபு அதுக்கும் விடலை. "அந்த மாதிரி ஆளை ஏன் விட்டு வச்சாங்க? அதான் தப்பு"ன்னார். இவர் சிரிச்சார். கிளாஸை அவர் பக்கம் தள்ளிவிட்டு, என் வாழ்க்கையில நான் மறக்காத ஒண்ணைச் சொன்னார்: "அன்னிக்கு அந்த ஜட்ஜு மனசு மாறி கப்பல் ஏத்தி விடலேன்னா, இன்னிக்கு உனக்கு டீ வாங்கிக் குடுக்க ஆள் கிடையாது பாபு."

ஒரே ஜெராக்ஸ் மெஷின்

கேஸ் நடந்துச்சு, நடந்துச்சு, அதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் போயே சேந்துட்டார். ஒரு வழியா தூக்குன்னு தீர்ப்பு வந்துச்சு. மேல பெரிய கோர்ட்டு ஒத்துக்கணும், டெல்லி வரைக்கும் போகலாம், அதெல்லாம் பாபு சொன்னார். ஆனா அன்னிக்கு வாசல்ல லட்டு குடுத்தாங்க. எனக்கும் ஒண்ணு வச்சுட்டுப் போனாங்க. எறும்பு வர்ற வரைக்கும் அது மேஜை மேலயே இருந்துச்சு.

தீர்ப்புக் காப்பி எடுக்க கமலா வந்தா. ஜெராக்ஸ் ஓடிக்கிட்டு இருக்கும்போது பேச்சியம்மாவும் வந்து பின்னாடி நின்னா. எங்கிட்ட இருக்கறது ஒரே மெஷின். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்காம மெஷினையே பாக்கறாங்க. நான் அசட்டுத்தனமா, "இனிமே எவனும் பயப்படுவான் கமலா"ன்னு சொல்லி வச்சேன். அவ, "எவன் பயந்தா எனக்கு என்ன ஆன்ட்டி? அவன் ஜெயில்ல தெனம் மூணு வேளை தட்டை ஏந்தறான்னு நெனச்சா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது, அவ்வளவுதான்"னு சொல்லிட்டு காப்பியை வாங்கிட்டுப் போயிட்டா.

அப்புறம் பேச்சியம்மா முறை. கத்தையைக் கையில குடுத்தேன். அவளுக்கு எழுத்து தெரியாது. ஒவ்வொரு தாளா திருப்பி, மேல கீழ பாத்துட்டு என்கிட்டயே நீட்டினா: "அது எந்த எடத்துலக்கா எழுதியிருக்கு? விரல் வச்சுக் காட்டு, நானும் தொட்டுப் பாக்குறேன்."

வார்டர் கேட்ட கேள்வி

இதுக்கும் செல்வத்துக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா சொல்லியே ஆகணும். ஒரு ரிட்டயர்ட் ஜெயில் வார்டர், மலையாளி, பென்ஷன் பேப்பர் அடிக்க வந்தார். மழைன்னா மழை, ரோடே தெரியலை. கரன்டும் போயிடுச்சு. என் மருமக வேற போன் பண்ணி மாடியில காயப்போட்ட துணியை எடுத்தீங்களான்னு கேக்கறா. நான் கொட்டாயில, துணி டெலானிபூர்ல!

சும்மா உக்காந்திருக்கும்போது கேட்டேன், "ஏன் சார், கொலை பண்ணவங்களை எத்தனையோ பேரைப் பாத்திருப்பீங்க. தூக்குன்னா பயம் இருக்குமா இருக்காதா?" அவர் கண்ணாடியைத் துடைச்சார். "உள்ள வந்தப்புறம் பயம் இருக்கு. நல்லா இருக்கு. ராத்திரி கத்துவாங்க. ஆனா செஞ்ச நேரத்துல?" கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கிட்டார். அப்புறம் சொன்னார்: "வந்தவங்க எல்லார்கிட்டயும் கேட்டிருக்கேன் அம்மே, அந்த நேரத்துல எந்தா நெனச்சேன்னு. ஒருத்தனும் தூக்கை நெனச்சேன்னு சொல்லலை. ஒருத்தன் மட்டும், செருப்பை எங்க விட்டோம்னு நெனச்சேன்னான்."

மீன்கூடையில வந்த கையெழுத்து

கல்கத்தா ஹைகோர்ட்டு பெஞ்சும் சரின்னுடுச்சு, டெல்லியும் சரின்னுடுச்சு. இனிமே ராஷ்டிரபதிக்குக் கருணை மனு ஒண்ணுதான் பாக்கி. வக்கீல் தனியா ஒண்ணு போட்டார். பேச்சியம்மாவுக்கு யாரோ சொல்லியிருக்காங்க, ஊர்க்காரங்க கையெழுத்தும் இருந்தா நல்லதுன்னு. அதுவும் கொலை நடந்த தெருவோட கையெழுத்துன்னா ரொம்ப நல்லதுன்னு. ஒரு வாரம் மீன்கூடைக்குள்ள பிளாஸ்டிக் கவர்ல தாளை வச்சுக்கிட்டு, பத்துபஸ்தி மேட்டுல வீடு வீடா ஏறியிருக்கா. மீனை வாங்குனவங்க கையைத் துடைச்சுக்கிட்டுக் கையெழுத்தும் போட்டுக் குடுத்திருக்காங்க. தாளெல்லாம் செதில்.

பேர்களைப் படிக்கப் படிக்கத்தான் கவனிச்சேன். இதை எல்லாம் நான் முன்னாடியே அடிச்சிருக்கேனே! அதே பேர், அதே வரிசை. மேட்டுல கீழ வீட்டுலேர்ந்துதானே எல்லாரும் ஏறுவாங்க, அண்ணாச்சியும் சரி, மீன்காரியும் சரி. பழைய ஃபைலைத் திறந்து பாத்தா, 'உச்சபட்ச தண்டனை'க்குப் போட்ட தெரு மொத்தமும் கருணைக்கும் போட்டிருக்கு. எனக்கு கண்ணு ஆபரேஷன் ஆகி ஒரு மாசம்தான் ஆகியிருந்துச்சு. போஸ்ட் ஆபீஸ் மூடப்போற நேரம். பழைய பட்டியலையே எடுத்து, வீடு மாறிப் போனவங்க நாலு பேரை அழிச்சு, தலைப்பை மாத்தி, மனு வாசகத்தைப் புதுசா அடிச்சு, பிரிண்ட் போட்டேன். கடைசியில என் பேர் ஏற்கனவே இருந்துச்சு. அழிக்கலை. எங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா கையெழுத்து மட்டும் இல்ல, மனுவையே அவர்தான் சொல்லியிருப்பார்.

தாளைக் கட்டும்போது மனசு கேக்காம பேச்சியம்மாகிட்ட சொன்னேன், "இதுல பாதிப்பேரு என்னன்னே படிக்காம போட்டிருக்காங்க, தெரியுமா? இதே கையாலதான் அன்னிக்கு அதுக்கும் போட்டாங்க." அவ கூடையைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டா: "போட்டவங்களும் படிக்கலை, மேல வாங்குறவங்களும் படிக்காமயே கையெழுத்துப் போட்டுடட்டும்க்கா."

முதல் பேர்

நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்க. எனக்குத்தான் ரெண்டு மாசம் ஆச்சு.

ஒரு நாள் காலையில கமலா வந்தா. ஸ்கூல் போற நேரம், சேலையெல்லாம் மடிப்புக் கலையாம. கையில ஒரு பாலிதீன் பை. உக்காரச் சொன்னேன், உக்காரலை. மனு சம்பந்தமா விசாரிக்க ஒரு போலீஸ்காரர் முந்தாநாள் வீட்டுக்கு வந்தாராம். பட்டியல்ல முதல் பேர் அவளோடது, ஆனா கையெழுத்துத் தாள்ல அவ கையெழுத்து இல்ல. "உங்க அம்மா அப்பாவைக் கொன்னவனுக்கு நீங்களா கருணை கேட்டீங்க?"ன்னு கேட்டிருக்கார். ரெண்டு நாள்ல சொல்றேன்னு அனுப்பிட்டா. அதே போலீஸ்காரர் மின்னி பேயிலயும் போய் விசாரிச்சிருக்கார். கமலா பேர் பட்டியல்ல இருக்கற விஷயம் பேச்சியம்மா காதுல விழுந்து, அவ நேத்துக் காலையில ஒரு முழு சுர்மையைத் துண்டு போட்டு (நம்ம ஊர் வஞ்சிரம்தான்) கமலா வீட்டுப் படியில வச்சுட்டு, கதவைத் தட்டாமயே போயிருக்கா. அந்த மீன்தான் பையில.

கமலா 'நான் இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொன்னா, மனு முழுக்க மோசடின்னு ஆயிடும். செல்வத்தோட கழுத்து நான் அடிச்ச அந்த முதல் நம்பர்ல தொங்குது. 'அப்படியே இருக்கட்டும், ஒரு உயிரு'ன்னு கெஞ்சலாமான்னு கூட நெனச்சேன். அவ மூஞ்சியைப் பாத்ததும் அதை விட்டுட்டேன். "என் தப்பு கமலா. பழைய பட்டியலை அப்படியே போட்டுட்டேன். டைப் அடிச்சவ தப்பு, பேச்சியம்மாவுக்கு இதுல ஒண்ணும் தெரியாதுன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். உன் பேரை எடுத்துடலாம்"னேன்.

"எடுங்க"ன்னா. நான் அடிக்க ஆரம்பிச்சேன். பாதியில, "அந்த முதல் மனுவுலேர்ந்தும் எடுக்கணும்னு சேத்துப் போடுங்க"ன்னா. எனக்குப் புரியலை. அது எந்த அலமாரியில கிடக்கோ, இனிமே அதை எடுத்து என்ன ஆகப்போகுது? கேட்டேன். பையை மேஜை ஓரத்துல வச்சா. "அன்னிக்கு ஆஸ்பத்திரியில பிணவறைக்கு வெளிய நின்னுக்கிட்டிருந்தேன் ஆன்ட்டி. அண்ணாச்சி வந்து பேனாவைக் கையில வச்சாரு. பாடி வாங்கறதுக்குன்னு நெனச்சுப் போட்டேன். நானும் படிக்கலை." நான் பாதியில விட்ட வரியைத் தேடிக்கிட்டு, "சரிம்மா, அப்ப அவன் விஷயத்துல உன் விருப்பம் என்னன்னு போடட்டும்?"னு கேட்டேன். அவ திரையைப் பாத்துக்கிட்டே சொன்னா: "ரெண்டுலயும் நான் வேணாம் ஆன்ட்டி. செத்தவங்களோட பொண்ணு, அதோட விடுங்க."

சுர்மை

மீன் என் மேஜை மேலயே இருந்துச்சு. பக்கத்துக் கடையில ஐஸ் வாங்கிப் போட்டேன். கோர்ட்டு வந்த வக்கீலெல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டுப் போறாங்க. மத்தியானம் பேச்சியம்மா வந்தா. தலைக்குக் குளிச்சு, நல்ல சேலை. இத்தனை வருஷத்துல அவ சிரிச்சு அன்னிக்குத்தான் பாத்தேன். நான் எப்படிச் சொல்வேன்? டீ வாங்கிக் குடுத்தேன். மழையைப் பத்திப் பேசினேன். அப்புறம் பையைக் காட்டினேன்.

அவளுக்கு எல்லாம் புரிஞ்சுது. என்னைத் திட்டுவான்னு பாத்தேன், திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். நான் எழுதிக் குடுத்த பேப்பரால மனு செல்லும்னு பாபு சொல்றார், ஆனா முதல் பேர் இல்லாம அது ஒண்ணுக்கும் ஆகாதுன்னும் அவரே சொல்றார், இதையும் சொன்னேன். அவ பையைத் திறந்து மீனை ஒரு தடவை மோந்து பாத்தா, கெட்டுப் போகலைன்னு திருப்தி போல. கூடைக்குள்ள வச்சுக்கிட்டே சொன்னா: "நேத்து ஒரு நாள் பூரா அந்தப் பொண்ணு எங்களை மன்னிச்சிட்டான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அந்த ஒரு நாளு எனக்கு வந்தது வந்ததுதானேக்கா."

பழைய ஃபைல்

பதில் இன்னும் வரலை. வாரம் ஒரு தடவை, மீன் வித்து முடிச்சதும் பேச்சியம்மா வருவா. என் பெஞ்சில உக்காந்து காலை நீட்டிக்குவா. நான் இல்லைன்னு தலையை ஆட்டுவேன், அவ எழுந்து போவா. போன மாசம் அப்படி அவ உக்காந்திருக்கும்போது, தங்கராஜ் அண்ணாச்சி வேகமா உள்ள வந்தார். இன்னொரு கொலை. செத்தது ஒரு கான்ட்ராக்டரோட வாட்ச்மேன். செஞ்சவன் யாருன்னு நெனக்கிறீங்க? செல்வத்தோட கூட மூட்டை தூக்குனவன். தீர்ப்பு அன்னிக்குக் கோர்ட்டு வாசல்ல நின்னு, தூக்குன்னு காதாரக் கேட்டு, லட்டும் வாங்கித் தின்னவன்.

அண்ணாச்சி கையெழுத்துத் தாளை மேஜையில போட்டார். "பழைய ஃபைல் இருக்குல்லம்மா? அதே மேட்டர்தான், பேரை மட்டும் மாத்துங்க"ன்னார். பெஞ்சில யாருன்னு அவர் பாக்கலை. நான் தாளை எடுக்கலை. "அண்ணாச்சி, மொதல்ல மேட்டரை அடிச்சு, அதை ஒவ்வொரு வீட்டுலயும் தமிழ்ல வாய் விட்டுப் படிச்சுக் காட்டிட்டு, அப்புறம் கையெழுத்து வாங்கிட்டு வாங்க"ன்னேன். "அப்படிப் படிச்சா எவன் போடுவான்?"னு கத்தினார். "போடறவன் போடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல"ன்னேன். அப்பதான் பேச்சியம்மா எழுந்தா. அவளைப் பாத்த அண்ணாச்சிக்கு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு. அவ கூடையை இடுப்புல வச்சுக்கிட்டு, சாதாரணமா, வழி கேக்கற மாதிரி கேட்டா: "அந்தப் பையனுக்கு ஆத்தா இருக்காளா அண்ணாச்சி? இருந்தா, இந்தக் கொட்டாய் எங்க இருக்குன்னு அவளுக்குச் சொல்லி விடுங்க."

நாப்பது வருஷத்துல இந்தத் தொழில்ல நான் கத்துக்கிட்டது இவ்வளவுதான்: பேரை மாத்துறது ஒரு நிமிஷ வேலை, அதனால அதை மட்டும் இப்பல்லாம் ரொம்ப மெதுவா செய்யறேன்.